வயித்துப்பக்கமா வரைஞ்ச ஜாக்கு

உக்கார மாட்டேங்குது. மேளமும் அடிச்சாச்சு, ஒறம்பரையெல்லாம் வந்து நெறஞ்சாச்சு, மாப்ள மட்டும் மணையில உக்கார மாட்டேன்னு வெறச்சுக்கிட்டு நிக்கறாப்பல நிக்குது இந்த ஜாக்கு. அட உக்காரு சாமி, உனக்கு என்ன கொறை வெச்சேன் நானு, பன்னண்டு காலு உனக்கு, இந்த சர்க்யூட் போர்டுல பன்னண்டு ஓட்டை போட்டு வெச்சிருக்கறேன், அதுபோக உன்ற ரெண்டு பிளாஸ்டிக் குச்சிக்கு பெருசா ரெண்டு ஓட்டை வேற. குச்சி ரெண்டும் சமத்தா போகுது, காலு மட்டும் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல முட்டிக்கிட்டு நிக்குது. கம்ப்யூட்டருக்குப் பின்னால டிக்குன்னு ஒரு நெட்டு வயரு சொருகுவமே, அதைச் சொருகற பொந்துதான் இந்த ஜாக்கு, பாத்தா தீப்பெட்டியாட்ட இருக்குது, திமிரு மட்டும் கலெக்டராட்ட. மணி ஒன்னே கால். கீழ லேத்துப் பட்டறையும் சோத்துக்கு நிறுத்திட்டாங்க, இல்லாட்டி இந்தத் தளமே கிடுகிடுன்னு ஆடும், இப்ப ஃபேன் சத்தமும் என்ற மூச்சுச் சத்தமும்தான். கூட வேலை செய்யற பாப்பாத்தி டிபனைத் தொறந்துட்டா, எலுமிச்ச சோத்து வாசம் இந்த மூலை வரைக்கும் வருது. "அக்கா, வாங்க, ஆறிப்போகுது"ன்னா. "நீ தின்னு, எனக்கு இங்க ஒரு ஜாக்கு வயித்த ரொப்பீட்டிருக்குது"ன்னேன். சிரிச்சா. சிரிக்கட்டும். ரெண்டு மணிக்கு மொதலாளி சென்னியப்பண்ணன் படியேறி வருவாரு, வந்து ஒன்னே ஒன்னுதான் பாப்பாரு, நெட்டு புடிச்சு ஜாக்குல லைட்டு எரியுதா இல்லையான்னு. எரிஞ்சா ஜன்னலோர கம்ப்யூட்டரு சீட்டு, போர்டுல எந்த சாமான் எங்க, எந்தக் கோடு எங்கன்னு லேஅவுட் வரையற சீட்டு, எனக்கு. எரியாட்டி திங்கக்கெழம பெங்களூர்ல இருந்து ஒருத்தன் வந்து அதுல உக்காருவான், நான் மறுபடியும் ஈயம் பத்த வெக்கற இந்த சால்டரிங் பெஞ்சுக்கே. அவரு கறாரா சொன்னது, கணபதி பஸ் ஸ்டாப்புல நின்னு கத்துனாப்பல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னது.

ஓட்டை சின்னதா இருக்குமோ. இல்ல, காலு சும்மா வழுக்கிட்டு போற அளவுக்குத்தான் போட்டேன், அதுல ஒரு கோட்டு அளவு கூடவே விட்டேன், எங்க ஊட்டுக்காரரு டைல்ஸ் ஒட்டறப்ப சந்து விடறாப்பல. அப்ப போர்டு அடிச்சுக் குடுத்த கம்பெனிக்காரன் தப்புப் பண்ணியிருப்பான். ஆமா, அவன்தான், அவனுக்கு என்ன, மிசின்ல போட்டு தடதடன்னு ஓட்டை போட்டுட்டுப் போயிருவான். ஆனா பக்கத்துல இருக்கற மத்த சாமானெல்லாம் கச்சுன்னு உக்காந்திருச்சே. நடுவுல இருக்கற மைக்ரோ கண்ட்ரோலரு, அதுதான் இதுக்கு மூளை, நூறு காலு, மசுராட்ட காலு, வெளிய குடுத்து மிசின்ல ஒட்டுனது, அதே ஒரு ஒட்டு ஒரசாம உக்காந்திருச்சு. அது சொல்றதை நெட்டு பாஷைக்கு மாத்திப் பேசற சிப்பு, அதும் உக்காந்திருச்சு. அவன் தப்புன்னா எல்லாமில்ல கோணலாப் போகோணும், இது ஒன்னு மட்டும் எதுக்கு. அப்ப ஜாக்கு தப்பு. கடைக்காரன் வேற ஜாக்கைக் குடுத்துட்டான். நம்பரைப் பாக்கறேன், அதே நம்பரு. மறுபடியும் பாக்கறேன், நம்பரு என்ன அதுக்குள்ளயா மாறும், அதே நம்பருதான். இடுக்கிய எடுத்து காலைச் சித்த வளைச்சு ஏத்திரலாமா. ஏத்திரலாம். இருவத்திரெண்டு வருசமா எத்தனை கோணக் காலை நேராக்கியிருக்கறேன். ஆனா ஒன்னு ரெண்டுன்னா பரவால்ல, பன்னண்டும் கோணங்கறதுக்கு இதென்ன பூரானா. பன்னண்டும் ஒரே மாதிரி ஒதுங்கி நிக்குதுன்னா தப்பு காலு மேல இல்ல, வசந்தாமணி, கொஞ்சம் ரோசன பண்ணு. வேண்டாம், பண்ண வேண்டாம். ரோசன பண்ணுனா எங்க போயி நிக்கும்னு தெரியும், என்ற படத்துலதான்.

நல்லாத்தான வரைஞ்சேன். எட்டாவதுக்கு மேல பள்ளிக்கூடம் பக்கம் தல வெச்சுப் படுக்கலீன்னாலும் ஒரு கோடு எங்க ஓடோணும்னு எனக்குத் தெரியும். இதுக்கு முன்னால அந்தச் சீட்டுல இருந்த ஜெகதீசன் வரையற போர்டையெல்லாம் நான்தான பத்த வெச்சேன், எந்தெந்தப் போர்டு பேசும் எது மூச்சில்லாம கெடக்கும்னு பத்த வெக்கறப்பவே சொல்லிப்போடுவேன். "ஏனுங் சார், சிப்புக்குத் தாளம் போட்டுத் துடிக்கற கிரிஸ்டலைக் கொண்டுபோயி ஜாக்கு வாசல்ல வெச்சிருக்கறீங், அது கல்யாண ஊட்டுல குழாய் ரேடியோ கட்டுன மாதிரி கத்துமே"ன்னா, "வசந்தாக்கா, நீங்க ஜாயிண்ட்டைப் பாருங்க, கோடு ஓட்டற ரூட்டிங்கை நாங்க பாத்துக்கறோம்"பான். அப்பறம் ஒரு வாரம் கழிச்சு சத்தமில்லாம தள்ளி வெச்சு வரைஞ்சு அனுப்புவான். அவன் போன மாசம் வேற கம்பெனிக்குப் போனான், ஃபர்ஹானாதான் என்னை இழுத்து அந்தச் சீட்டுல உக்கார வெச்சா. ஃபர்ஹானா எங்க இஞ்சினியரு, மூளை சிப்புக்குள்ள புரோகிராம் எழுதறவ, உக்கடத்துப் பொண்ணு, வயசு இருவத்தாறு, வாயி அம்பது. மவுசு புடிக்கக் கத்துக்குடுத்தா, நான் புடிச்ச புடிய பாத்துட்டு, "அக்கா, அது ஓடிப்போகாது, கழுத்த விடுங்க"ன்னா. அவ சொல்லச் சொல்ல நான் ஜோடிக் கோடு ரெண்டையும் இழுத்தேன். செம்புக் கோடு, நெட்டுல சேதி அனுப்பறதுக்கு ஒரு ஜோடி, வாங்கறதுக்கு ஒரு ஜோடி. ஜோடின்னா புதுசா கல்யாணமானதுக மாதிரி, கைகோத்துக்கிட்டே நடக்கோணும், நடுவுல சந்து கூடவும் கூடாது கொறையவும் கூடாது, ஒருத்தி முன்னால போயி ஒருத்தன் பின்னால நிக்கக் கூடாது, ஒன்னு நீளம் பத்தலைன்னா நெளிஞ்சு நெளிஞ்சு ஓடி மத்ததோட சமமா வந்து சேரோணும், மூலைமட்டம் வெச்சாப்பல வெடுக்குன்னு திரும்பக் கூடாது, பஸ்ஸு வளையறாப்பல வளையோணும். எங்க கல்யாணத்துல இத்தனை ஒழுக்கம் இல்ல, அவரு முன்னால போயிருவாரு, நான் செருப்பைத் தேடிட்டிருப்பேன். ஆனா போர்டுல அந்த ரெண்டு ஜோடியும் அவ்வளவு அழகா ஓடுது, இப்பவும் பாக்கறேன், பச்சையில மினுக்குன்னு, என்னவோ நாமளே பெத்த மாதிரி. இந்தப் போர்டு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி பின்னல் மிசினுக்கு. நூல் அந்துச்சுன்னா மிசினு நெட்டு வயருல ஆபீசுக்குச் சொல்லோணும், இன்ன மிசினு இன்ன நேரம்னு. இப்ப ஒரு பொம்பள ஒவ்வொரு மிசினா ஓடிப்போயி பாக்கறா. அவ காலுக்குச் சித்த ஓய்வு வரட்டும்னுதான வரைஞ்சேன்.

சரி, பாத்துரலாம். ஜாக்கைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாக்கறேன். மொதக் காலு எடது ஓரம். எழுந்துபோயி கம்ப்யூட்டர்ல என்ற படத்தைப் பாக்கறேன். மொதக் காலு எடது ஓரம். ரெண்டும் ஒன்னுதான். அப்ப எதுக்கு உக்கார மாட்டேங்குது. மறுபடியும் ஜாக்கைப் பாக்கறேன், வயித்தைக் காட்டிட்டு மல்லாக்கப் படுத்திருக்குது உள்ளங்கையில. மல்லாக்க. ஐயோ. ஐயோ வசந்தாமணி. போர்டுல உக்காரறப்ப அது மல்லாக்கவா உக்காரும், குப்புற இல்ல உக்காரும். குப்புறப் போட்டா எடது வலதாகும், வலது எடதாகும், இது சின்னக் கொழந்தைக்குத் தெரியும். நான் ஜாக்கை வயித்துப்பக்கம் பாத்து வரைஞ்சிருக்கறேன். போர்டுக்கு மேல இருந்து பாத்து வரையோணும், நான் கீழ இருந்து பாத்து வரைஞ்சிருக்கறேன். கண்ணாடியில பாக்கற மொகமாட்ட எல்லாம் மாறிக் கெடக்குது. ஃபர்ஹானா சொன்னா, "அக்கா, இந்த ஜாக்குக்கு ரெடிமேட் படம் நெட்டுல கெடைக்கும், எறக்கிக் குடுக்கட்டுமா"ன்னு. கடை மாவு எதுக்கு கண்ணு, நானே ஆட்டிக்கறேன்னேன். ஆட்டுனேன், ஆட்டுக்கல்லைத் தலைகீழாப் போட்டு ஆட்டுனேன். ஜாக்கோட வந்த பேப்பர்ல ரெண்டு படம் இருந்துச்சு, ஒன்னு மேலிருந்து, ஒன்னு கீழிருந்து, அடியில பொடி இங்கிலீசுல எழுதியிருந்துச்சு எது எதுன்னு. நான் எழுத்தைப் பாக்கல, படத்தைப் பாத்தேன், ரெண்டுல எது கண்ணுக்குப் பழக்கமா இருந்துச்சோ அதை எடுத்துட்டேன். பழக்கம் எனக்கு என்ன, இருவத்திரெண்டு வருசமா போர்டைக் கவுத்துப் போட்டு வயித்துப்பக்கம் தான பத்த வெக்கறேன். எந்த சாமானையும் நான் மொகம் பாத்ததில்ல, காலுதான் பாத்திருக்கறேன். மாமியா ஊட்டுல தல குனிஞ்சே நின்ன மருமவளுக்கு எல்லாத்தோட செருப்பும் தெரியும், மொகம் தெரியாது. அந்தக் கதைதான்.

பாப்பாத்தி என்னமோ கேக்கறா, காதுல விழுகல. ஜாக்கெட்டு முதுகுல ஒட்டுது, மேல தகரம் காயுது. பெங்களூர்க்காரன் எப்படி இருப்பான். கழுத்துல கார்டு தொங்கவிட்டுட்டு வருவான், தோள்ல பை, என்ற போர்டை ரெண்டு விரல்ல தூக்கிப் பாத்துட்டு, "ஹூ டிட் திஸ்"ம்பான். அந்த ஒரு இங்கிலீசு எனக்கு நல்லாவே புரியும். சென்னியப்பண்ணன் ஒன்னும் திட்ட மாட்டாரு, திட்டுனாத்தான் தேவலையே, "சரி விடு வசந்தா, பெஞ்சுல வேலை கெடக்குது"ம்பாரு, அந்தச் சரிதான் கொல்லும். வயரு போட்டுக் கட்டிரலாமா. ஜாக்கைத் தனியா வெச்சு, பன்னண்டு துண்டு வயரு எடுத்து, எடது காலை வலது ஓட்டைக்கும் வலது காலை எடது ஓட்டைக்கும். முடியும். அரமணி நேரத்துல முடியும். ஆனா அந்த ஜோடிக் கோடு, அத்தனை தூரம் கைகோத்துக்கிட்டு வந்துட்டு, கடைசி வாசப்படியில காட்டுவழியில விட்டாப்பல வயருல தட்டுத்தடுமாறிப் போகோணுமா. எரிஞ்சாலும் எரியும், எரியாமப் போனா கோடு தப்பா வயரு தப்பான்னு யாருக்குத் தெரியும். எனக்கே தெரியாது. அதுதான் பயம். ஜாக்குப் படம் தப்புங்கறது தப்பு, ஒத்துக்கறேன், ஆனா அந்தக் கோடு சரியா இல்லையான்னு தெரியாமயே நான் எந்திரிச்சுப் போகோணுமா. போன ஒரு மாசம் பஸ்ஸுல, சோறாக்கறப்ப, தூங்கறப்ப எல்லாம் அந்தக் கோட்டைத்தான ஓட்டிட்டிருந்தேன், ஊட்டுக்காரரு தரையில நூலு புடிச்சு டைல்ஸுக்கு அளவெடுத்தா, "என்னுங்க, அந்த மூலையில அவ்வளவு வெட்டி திருப்பாதீங்க"ன்னு சொல்ற அளவுக்கு ஆகிப்போச்சு. அவரு பாத்த பார்வை. "உனக்கு முத்திருச்சு"ன்னாரு. முத்திருச்சுதான். ஒன்னரை ஆச்சு. அழுகலாம்னா கண்ணு வேற இப்ப சரியாத் தெரியோணும், சால்டரு வெக்கறதுன்னா.

கை சும்மா இருக்க மாட்டேங்குது. மனசு எங்கயோ கெடக்க, கை பாட்டுக்கு போர்டைத் தூக்கி கவுத்துப் போடுது, வருசக் கணக்கா போட்டாப்பல. வயித்துப்பக்கம் மேல. எடது கையில ஜாக்கு, அதை எங்கயாச்சும் வெக்கோணுமேன்னு அப்படியே போர்டு மேல வெக்கறேன். கெளக். என்னது. விரலை எடுக்கறேன், ஜாக்கு அசையல. பாக்கறேன். பன்னண்டு காலும் பன்னண்டு ஓட்டைக்குள்ள, குச்சி ரெண்டும் அதோட ஓட்டைக்குள்ள, நெட்டு வயரு போற வாயி போர்டு ஓரத்துல வெளியவே பாத்துட்டு, நல்ல புள்ளையாட்ட. கீழ இருந்து பாத்து வரைஞ்சா கீழ வெச்சாச் சரியாப் போகும். அட. அட கிறுக்கி. கண்ணாடியில மாறினது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போனா நேராயிருது. மொதக் காலு மொத ஓட்டையில, ரெண்டாங் காலு ரெண்டாவதுல, எண்ணிப் பாக்கறேன், விரல் வெச்சு எண்ணறேன், ஜோடி ஜோடியா கோடு வந்து சேருது, ஒன்னும் தப்பல. சிரிப்பு வந்துருச்சு எனக்கு, சத்தமா. பாப்பாத்தி சோத்துக் கையோட ஓடியாரா. "என்னக்கா ஆச்சு?" "ஒன்னுமில்ல, மாப்ள மணைக்கு அடியில உக்காந்துட்டாரு." அவளுக்குப் புரியல, எலுமிச்ச சோத்துல ஒரு வாய் ஊட்டிட்டுப் போனா, எனக்குக் கை ரெண்டும் வேலையா இருந்துச்சுல்ல. இப்ப சால்டரு போர்டோட மொகத்துப்பக்கம் வெக்கோணும், என்ற வாழ்க்கையில மொதமொதல்ல ஒரு போர்டோட மொகத்தைப் பாத்து பத்த வெக்கறேன். ஒவ்வொரு காலா. புகை மூக்குல ஏறுது, ஊதுபத்தியாட்ட. பன்னண்டும் பத்த வெச்சாச்சு.

ஃபர்ஹானா ஈரக் கையைத் துப்பட்டாவுல தொடச்சுட்டே வந்தா. நான் போர்டை ரெண்டு டேப்பு உருளை மேல தூக்கி நிறுத்தியிருக்கறேன், அடியில ஜாக்கு தொங்குது. குனிஞ்சு பாத்தா. "என்னக்கா இது, வௌவாலாட்ட தொங்குது?" "வௌவாலு ராத்திரிதான் பறக்கும், இது பட்டப்பகல்ல பறக்கும், வயரைச் சொருகு." ரெண்டு நொடி பாத்துட்டு அவளுக்குப் புரிஞ்சு போச்சு, புத்தி கத்தி அவளுக்கு. "மிரர் பண்ணீட்டீங்களா! யா அல்லாஹ், அக்கா!"ன்னு வாயைப் பொத்திக்கிட்டா, சிரிப்பா பயமான்னு தெரியல. நெட்டு வயரைச் சொருகுனா, கரண்டு குடுத்தா. ஒன்னும் இல்ல. லைட்டு உடனே வராதுன்னு எனக்குத் தெரியும், அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் மொதல்ல குசலம் விசாரிக்கோணும், நீ எந்த வேகம் நான் எந்த வேகம்னு, சம்பந்திக பேசற மாதிரி, அதுக்கு ரெண்டு மூனு நொடி ஆகும். ஆனா மூனு நொடிங்கறது இத்தனை நீளமா. இந்த நீளத்துக்கு ஒரு கோடு போட்டா திருப்பூரே போயிரலாம். நெளிவு பத்தாமப் போச்சோ. ஜாக்குக்கு நேரா போர்டுல செம்புத் தகடு விடக் கூடாது, கோட்டுக்குத் தொந்தரவுன்னு ஜெகதீசன் சொல்வானே, நான் போர்டுக்கு ரெண்டு பக்கமும் வழிச்சு எடுத்தனா, ஒரு பக்கம் மட்டுமா. ரெண்டு பக்கமும். ரெண்டு பக்கமும்தான், எடுத்தேன், எடுத்தேன் சாமி. பச்சை. டேப்பு உருளைக்கு அடியில, மேசைத் தகரத்து மேல, பச்சையா ஒரு வெளிச்சம் விழுந்துச்சு, லைட்டு தெரியல, நெழல்தான் தெரிஞ்சுச்சு, வெளிச்சத்தோட நெழல். பக்கத்துல மஞ்சளு மினுக் மினுக்குங்குது. ஃபர்ஹானா கம்ப்யூட்டர்ல தட்டுனா. "ஆயிரம் சேதி அனுப்பறேன்கா." அனுப்புனா. "ஆயிரமும் திரும்பிருச்சு. ஒன்னுகூட தொலையல. ஜெகதீசன் சார் போர்டுலயே மூனு நாலு தொலையும்கா." அப்பறம் என்ற காதுகிட்ட வந்து, குரலைக் கொறச்சு, "அண்ணன்கிட்ட தப்புன்னு சொல்லாதீங்க. டிசைனே அப்படித்தான், ஜாக்கு கீழ வெச்சா தூசி விழாது, பனியன் கம்பெனி பூராப் பஞ்சுத்தூசி, அதுக்காக வெச்சதுன்னு நான் சொல்றேன். நம்புவாரு"ன்னா. நம்புவாரு. தூசிக் கதை நானே சொன்னாக்கூட நம்புவாரு, என்ற வாயிக்கு யாரும் நம்புவாங்க, ரேசன் கடையில பாமாயிலு இல்லைன்னவன்கிட்டயே ரெண்டு பாக்கெட்டு வாங்கிட்டு வந்த வாயி இது.

படியில செருப்புச் சத்தம். அவருதான், ஒரு படிக்கு ரெண்டு செருமல். சொல்லீரலாம் தூசிக்காகத்தான்னு. சொன்னா சீட்டு நமக்கு. ஆனா அந்தப் படம் கம்ப்யூட்டர்ல அப்படியே கெடக்குமே, ஜாக்குன்னு பேரு போட்டு எல்லாரும் எடுக்கற படப் பெட்டியில நானே வெச்சிருக்கறேன். நாளைக்கு யாரோ ஒருத்தன், ஒருத்தி, நல்லா ஓடுன போர்டு இதுன்னு நம்பி அதையே எடுத்து வேற போர்டுல வெப்பா, அவளுக்கும் ஒரு மத்தியானம் உக்கார மாட்டேங்கும். அவளுக்கு கை தன்னால கவுத்துப் போடுமா. போடாது. அப்ப அவ யாரைத் திட்டுவா. இப்பவே காதுல விழுகுது எனக்கு, வண்டை வண்டையா. சென்னியப்பண்ணன் வந்துட்டாரு, போர்டைப் பாக்கறாரு, குனியறாரு, மேசையில விழற பச்சையைப் பாக்கறாரு, மஞ்சளைப் பாக்கறாரு. ஃபர்ஹானா வாயைத் தொறந்தா. அதுக்கு முன்னால நான் தொறந்துட்டேன். "அண்ணா, கோடெல்லாம் சரி, ஆயிரத்துக்கு ஆயிரம் திரும்பி வந்திருச்சு. ஜாக்குப் படத்தை மட்டும் நான் வயித்துப்பக்கம் பாத்து வரைஞ்சுட்டனுங். அதுதான் கீழ தொங்குது. என்ற தப்புதான், அடிச்ச கம்பெனிக்காரன் தப்பில்ல." சொல்லீட்டேன். நாக்குல உப்புக் கரிச்சுது. கண்ணாடியக் கழட்டி வேட்டியில தொடச்சாரு, மாட்டுனாரு, மறுபடியும் குனிஞ்சாரு. அந்தச் சரி வரும், சரி விடு வசந்தாங்கற சரி, இப்ப வரும். "மேல மாத்தறதுக்கு எத்தனை நேரம் ஆகும்?"னாரு. "படத்தைப் பொரட்டி, வந்து சேர்ற கோட்டையும் திருப்பி இழுக்கோணும். நாளைக்கு சாயங்காலம் குடுத்தர்றனுங்." "இது எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும், நீ சொல்லாட்டி?" "தெரிஞ்சே இருக்காதுங்." "ம்." செருமுனாரு. ஃபோனை எடுத்து எங்கயோ தட்டிட்டு, "தம்பி, திங்கக்கெழம வர வேண்டாம்ப்பா, ஆளு இருக்குது"ன்னாரு, மழை வருதுன்னு சொல்றாப்பல. ஃபர்ஹானா என்ற முதுகுல கிள்ளுனா, வலிச்சுது, நல்லா வலிச்சுது. ஃபோனைப் பையில போட்டுட்டு அவரு போகல, அங்கயே நின்னாரு. "அடுத்து ஒன்னு கேட்டிருக்கறாங்க. ஒரே போர்டுல எட்டு ஜாக்கு, எட்டு மிசினுக்கும் சேத்து. வரைவியா?" எட்டு. எட்டுன்னா பதினாறு ஜோடி, பதினாறு ஜோடியும் ஒன்னையொன்னு இடிக்காம, மூளைகிட்ட இருந்து பெரிய கல்யாண மண்டபத்து வாசல்ல எறங்கற கூட்டமாட்ட, இப்பவே ஒவ்வொன்னா வளைஞ்சு ஓட ஆரம்பிச்சிருச்சு மண்டைக்குள்ள, எது முன்னால எது நெளியோணும்னு. பயமாத்தான் இருக்குது. நல்லாவும் இருக்குது. "வரையறனுங்கண்ணா"ன்னு கையை நீட்டுனேன், "அந்த ஜாக்குல ஒன்னை மொதல்ல இங்க குடுங்க. கையில வெச்சுப் பாத்துட்டுத்தான் மவுசைத் தொடுவேன்."